வி-கிராஸுக்கு 2 இன்ச் லிஃப்ட்: 50 ஆயிரத்துக்குள் எது நல்லது?

கூடாரவாசி:
நண்பர்களே, அவசர உதவி. இசுசு வி-கிராஸ் பிக்அப்புக்கு 2 இன்ச் லிஃப்ட் போட (சஸ்பென்ஷனை உயர்த்த) வேண்டும். கேம்பிங்குக்குத்தான் வண்டி. பட்ஜெட் 50 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 60. ஸ்பேசர் (உயரம் கூட்ட வைக்கும் தடிப்பு வளையம்) போதுமா, ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்த முழு கிட் வாங்கணுமா? போன தடவை கொல்லிமலையில் ஒரு தோட்டத்துக்குள் இறங்கும்போது அடி தட்டிவிட்டது. பொங்கல் லீவுக்குள் முடிக்க வேண்டும்.

டீசல்_வாசம்:
எந்த வருட மாடல்? டயர் என்ன? எது தட்டியது, முன்னாலா பின்னாலா? பின்னால் எவ்வளவு சுமை? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

கூடாரவாசி:
2021. கம்பெனி டயர்தான், 255/60 ஆர்18. சாமான் எல்லாரும் வைப்பதுதான்.

பழைய_கியர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, வந்துவிட்டாய், கேட்டுக்கொள் தம்பி. முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), சக்கரத்தைப் பிடிக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. மேலே 1 இன்ச் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் ஏறும். விற்கிறவன் 2 இன்ச் என்றால் அது ஸ்பேசரின் தடிமனா, கிடைக்கிற உயரமா என்று கேள். தடிமன் என்று தெரியாமல் மாட்டினால் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசும், டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறை கிழியும். ஸ்பேசரால் ஸ்பிரிங்கின் வலு ஒரு துளியும் கூடாது. சக்கரம் ஏறி இறங்கும் தூரமும் கூடாது. பள்ளத்தில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது மேல் ஆர்ம் முட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கலாம்.

மஸ்கட்_மச்சான்:
லிஃப்ட்டே வேண்டாம் என்பேன். நான் இங்கே ஹைலக்ஸ் பிக்அப்பை மணலிலும் வாதியிலும் (காய்ந்த ஆற்றுப் படுகை) ஓட்டுகிறேன், டயர்தான் எல்லாம். பாதை மோசமானால் காற்றை இறக்கு, மணலில் 15–18 பி.எஸ்.ஐ. வரைக்கும்கூட. அப்புறம் 255/65 ஆர்18 போடு, அரை இன்ச் கிடைக்கும்.

டீசல்_வாசம்:
அவர் போவது மலைப் பாதை மச்சான், கல்லும் வேரும். 15-ல் ஓட்டினால் டயர் ரிம்மை விட்டே வந்துவிடலாம். டயர் விஷயத்தில் ஒன்று சரி: பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் (கியர் பெட்டி) ஆக்சிலோடு இருப்பது. எத்தனை இன்ச் லிஃப்ட் போட்டாலும் அது இம்மியும் உயராது, பெரிய டயர்தான் தூக்கும். கூடாரவாசி, எது தட்டியது என்று இன்னும் சொல்லவில்லை. 'எல்லாரும் வைப்பது' என்றால் என்ன?

கூடாரவாசி:
பின்னால் அடியில் தொங்கும் ஸ்டெப்னி தட்டியது. சாமான்: பின் தொட்டியின் மேல் ராக்கில் கூடாரம் (60 கிலோ), பிளைவுட் டிராயர், ஐஸ் பெட்டி, அடுப்பு, பேட்டரி ஒன்று, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. கேன் வெளியே எடுக்க வசதியாகப் பின் கதவு ஓரம். டிராயரும் கூடாரமும் வருடம் முழுக்க வண்டியில்தான். அபார்ட்மெண்டில் இறக்கி எங்கே வைப்பேன்?

கமான்_பட்டறை:
அப்படிச் சொல்லுங்கள்! இது லிஃப்ட் கேஸே இல்லை சார், கமான் பட்டை (பின் ஆக்சில் மேல் சுமை தாங்கும் அடுக்கு இரும்புப் பட்டை) கேஸ். பின்னால் உட்கார்ந்துவிட்டது. நாமக்கல் பக்கம் வாருங்கள், லாரிக்குப் பட்டை கட்டுகிற கடையில் ஒரு பட்டை சேர்த்துவிட்டால் ஒரு மணி நேர வேலை. பட்ஜெட்டில் முக்கால்வாசி மிச்சம்.

பழைய_கியர்:
லாரிக் கடைக்காரர் கை வைத்த பிக்அப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு குட்டை தடிப் பட்டையைக் கீழே சொருகிவிடுவார்கள். காலி வண்டி குதிரை மாதிரி குதிக்கும். சுமைக்கென்று செய்த முழு நீளப் பட்டைக் கட்டு வாங்குவதுதான் முறை. ஓல்ட் மேன் ஈமு போன்ற வெளிநாட்டு சஸ்பென்ஷன் கிட்டில் பின்னால் எத்தனை கிலோ நிரந்தரமாக இருக்கும் என்று கேட்டுத்தான் பட்டை தருவார்கள்.

கமான்_பட்டறை:
குட்டைப் பட்டை போடச் சொன்னது யார்? மெயின் பட்டைக்கு அடுத்து நீளமாக ஒன்று வைத்து, வளைவு சரிபார்த்துக் கட்டினால் எந்தக் குதிப்பும் வராது. வெளிநாட்டு எழுத்து ஒட்டியிருந்தால்தான் இரும்பு வளையுமா?

மஸ்கட்_மச்சான்:
பட்டைக்குத் துணையாகக் காற்று அடைக்கிற ஏர் பேக் (சஸ்பென்ஷன் பை) போட்டால் சண்டையே இல்லையே?

டீசல்_வாசம்:
சண்டை இல்லை, சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) இருக்காது. பட்டை சுமையை இரண்டு முனையிலும் பிரித்துக் கொடுக்கும். ஏர் பேக் சேஸிஸை ஒரே இடத்தில் முட்டும். வால் பக்கம் கனம் வைத்துக் குண்டும் குழியுமாக ஓட்டி சேஸிஸ் வளைந்த டபுள் கேப் (நாலு கதவு பிக்அப்) படங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தனை வேண்டும்?
கூடாரவாசி, ஒரு டேப் எடுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்செங்குத்தாக அளந்து பாருங்கள். தரையிலிருந்து வேண்டாம், டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். ஒரு தடவை சாமானோடு, ஒரு தடவை இறக்கிவிட்டு.

சட்டம்_சாமி:
யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட.

கமான்_பட்டறை:
அப்படிப் பார்த்தால் நாமக்கல்லில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும். பட்டை மாற்றுவது பழுது பார்ப்பது சார்.

சட்டம்_சாமி:
தேய்ந்ததற்கு அதே பட்டை போட்டால் பழுது. கூடுதலாகச் சேர்த்தால் மாற்றம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் அடியில் குனிந்து பார்க்கும்போது அவரிடம் போய் வாதாடுங்கள்.

பழைய_கியர்:
பட்டை தடித்தால் அனுமதித்த மொத்த எடையும் கூடிவிட்டது என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. கூடாது. பிரேக் அதேதான், ஆக்சிலும் அதேதான். முதலில் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடாரவாசி:
அளந்தேன். பின்: காலியாக 54 செ.மீ., சாமானோடு 47. முன்: 49, சாமானோடு 50.

டீசல்_வாசம்:
பாருங்கள், பின்னால் 7 இறங்கி, முன்னால் 1 ஏறியிருக்கிறது. இரவில் எதிரே வருகிறவர்கள் டிம் அடிக்கச் சொல்லிக் கொண்டிருப்பார்களே? கனம் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிறது. முன் பின் இரண்டும் 2 இன்ச் தூக்கினாலும் இதே சாய்வில்தான் நிற்கும், அலைன்மெண்ட் தொல்லை வேறு. முன்னால் கை வைக்காதீர்கள். தண்ணீரையும் பேட்டரியையும் கேபின் சுவர் ஓரமாகத் தள்ளுங்கள், அது இலவசம். அப்புறமும் உட்கார்ந்தால் நிரந்தரச் சுமைக்கான பட்டைக் கட்டு, பின் ஷாக் மட்டும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைத் திரும்ப மாட்டக் கூடாது. பட்டை முனையின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

பழைய_கியர்:
பின் ஆக்சிலிலிருந்து பிரேக் வால்வுக்குக் கம்பி போகிற வண்டிகளில் அதையும் சரிசெய்ய வேண்டும். உயர்த்தினால் வால்வு வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தம்பி வண்டியில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும்.

மஸ்கட்_மச்சான்:
இருந்தாலும் 255/65 நல்ல டயர்.

கூடாரவாசி:
நன்றி எல்லாருக்கும். கேன், பேட்டரி முன்னால் மாற்றியதில் 2 செ.மீ. வந்தது. பின் பட்டைக் கட்டும் ஷாக்கும் மாற்றியாச்சு, சாமானோடு 54. முன்னால் தொடவில்லை. ஸ்டெப்னி தட்டவில்லை.

வால்பாறை_வளைவு:
அண்ணா, எனக்கும் இதே வண்டி, இதே தொல்லை. எந்த ஊரில் மாட்டினீர்கள், ரெடிமேட் கட்டா, பட்டறையில் கட்டியதா? மொத்தம் எவ்வளவு ஆச்சு?

வால்பாறை_வளைவு:
அண்ணா?