எஸ்கியூலைட்டிலிருந்து போஸ்ட்கிரெஸ்: புது பில் மட்டும் ஏற மாட்டேங்குது

கேள்வி: பில்லிங் ஆப், டேட்டா எல்லாம் எஸ்கியூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) ஃபைலில். பல கவுண்டர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் 'டேட்டாபேஸ் லாக்டு' வருகிறது. அதனால் தனி சர்வரில் போஸ்ட்கிரெஸ் (சர்வராக ஓடும் டேட்டாபேஸ்) போட்டு, சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) வழியாக டேட்டாவை ஏற்றியாச்சு. பழைய பில் எல்லாம் தெரிகிறது. புதுசு போட்டால் 'டூப்ளிகேட் கீ' எரர். ஏன்?

பதில் 1: ஐடியோடு சேர்த்தே ஏற்றினால் சீக்வென்ஸ் (அடுத்த ஐடியைத் தானாகத் தருவது) நகராது, 1-லேயே நிற்கும். அதனால் புது பில்லுக்கு ஏற்கனவே இருக்கும் ஐடியே வரும். ஒவ்வொரு டேபிளுக்கும் அதிகபட்ச ஐடியை எடுத்து 'செட்வேல்' (சீக்வென்ஸை அந்த எண்ணுக்கு நகர்த்தும் ஃபங்ஷன்) ஓட்டுங்க. ஒன்றை விட்டாலும் அது பிறகு ஒருநாள் வெடிக்கும்.

பதில் 2: அதைவிட முக்கியம், ஃபைலை எப்படி எடுத்தீங்க? வால் (WAL, புது மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) மோடில் ஆப் ஓடும்போது மெயின் ஃபைலை மட்டும் காப்பி பண்ணினால் கடைசி பில்கள் பக்கத்து வால் ஃபைலிலேயே தங்கிவிடும். ஆப்பை நிறுத்தி, பேக்கப் கமாண்டில் எடுங்க. பிறகு இரண்டு பக்கமும் டேபிள்வாரியாக ரோ எண்ணிக்கை, மொத்தத் தொகை இரண்டையும் ஒப்பிடுங்க. இன்டீஜர் (முழு எண்) நெடுவரிசையிலும் எஸ்கியூலைட் எழுத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கும். 'டைப்ஆஃப்' (மதிப்பின் வகையைச் சொல்லும் ஃபங்ஷன்) போட்டால் மாட்டும்.

பதில் 3: லூப்புக்குள் குவெரி (டேட்டாபேஸிடம் டேட்டா கேட்கும் கட்டளை) இருந்தால் இனி ஒவ்வொன்றும் நெட்வொர்க் தாண்டணும். 1 மில்லிசெகண்ட் வீதம் 500 குவெரி என்றாலே அரை செகண்ட். ஜாயின் (டேபிள்களை இணைத்து எடுக்கும் ஒரே குவெரி) ஆக்குங்க. போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை ஆப் சர்வர் ஐபிக்கு மட்டும் திறங்க.

கேட்டவர்: செட்வேல் போட்டதும் பில் ஏறுது. ஆனால் ரோ எண்ணிக்கை இடிக்குது, மறுபடி எடுக்கிறேன்.