புதுப்பிப்பு: திவால் ஆணைக்குப் பிறகும் வந்த பெய்லிஃப்

இங்கிலாந்தில் எனக்குத் திவால் ஆணை பிறந்த பின்னரும், பழைய கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கிக்காகப் பெய்லிஃப் (கடனை வசூலிக்க வீடு தேடி வரும் அமலாக்க முகவர்) தொடர்ந்து வருவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன் பிறகு நடந்தது இது.

பெய்லிஃப் கதவிடுக்கில் செருகியிருந்த தாளில், பொருள்களை எடுத்துச் செல்ல வருவதாகப் பேனாவால் எழுதியிருந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. கவுன்சில் வரிக்காக முதன்முறை வருபவர் பூட்டை உடைத்து நுழைய முடியாது. பெய்லிஃப் நிறுவனத்திடம் வாதாடுவது வீண் என்று தோன்றியதால், திவால் ஆணைக்குப் பிறகு கடன் கொடுத்தவர்கள் திவாலானவர்மீது நடவடிக்கை எடுப்பதைத் தடுக்கும், 1986ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 285ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ஆணையின் நகலை நேரடியாகக் கவுன்சிலுக்கே அனுப்பி, அஃபிஷியல் ரிசீவர் (திவால் வழக்குகளைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அலுவலகத்துக்கும் தெரிவித்தேன். கவுன்சில் என் கணக்கைப் பெய்லிஃப் நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. பெய்லிஃப் சேர்த்த கட்டணமும் அதோடு போயிற்று.

கவுன்சிலில் நடப்பாண்டு வரியையும் தனியே கேட்டார்கள். ஆணை பிறந்த நிதியாண்டின் வரி முழுவதும் திவால் கடனில் அடங்கும் என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைச் சுட்டிக்காட்டியதும் அதையும் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் வரி பில்லில் மனைவியின் பெயரும் இருப்பதால், முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பாகிறார்; என் திவால் அவரைக் காப்பதில்லை. அவருக்காக மாதத் தவணை கேட்டு எழுதியிருக்கிறோம்.