அம்மாவுக்கு ஒரு பக்கம் மட்டும் நீர்க் கொப்புளங்கள், அக்கியா?

அம்மாவுக்கு வயது 62. முந்தாநாள் வலது விலாவில் ஊசி குத்துவது போல எரிச்சல் என்றார், இன்று அதே இடத்தில் கடுகளவு நீர்க் கொப்புளங்கள் முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாகக் கிளம்பியிருக்கின்றன, இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. வேர்க்குரு இப்படி ஒரே பக்கம் வராது, எப்போதோ வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் தங்கி மறுபடி கிளம்பும் அக்கிதான் என்று நினைக்கிறேன். காவி குழைத்து எழுதினால் போதும் என்கிறார் பெரியம்மா, ஆனால் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நல்லது என்பதால் சாயங்காலமே தோல் மருத்துவரிடம் போகிறோம். தங்கை கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை, கொப்புள நீர் பட்டால் தொற்றுமே என்று பயமாக இருக்கிறது. அவளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அப்புறம் ராத்திரி எரிச்சலுக்கு, துணி உரசாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.