வாங்கிய கேம் யார் கையில் இருக்கிறது? டிஜிட்டல் தளங்களில் உங்கள் அனுபவங்கள்

சேவ்பாயின்ட்:
நண்பர்களே, வணக்கம். ஸ்டீம், எபிக், ஜிஓஜி, பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ இ-ஷாப் என்று ஏதாவது ஒன்றில் எல்லாருமே கேம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். எது பெரியது என்று சண்டை போட இதைத் தொடங்கவில்லை. உங்களுக்கு நேரில் நடந்ததை எழுதுங்கள், நல்லதும் கெட்டதும் வரட்டும்.

நான் டிஸ்க் காலத்து ஆள். 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 கேம் வெளியானபோது, பெட்டியில் டிஸ்க் வாங்கினவர்கள்கூட ஸ்டீமில் கணக்கு திறந்து இணையம் வழியாக ஆக்டிவேட் செய்த பிறகுதான் ஆட முடியும் என்று வைத்தார்கள். கையில் டிஸ்க் இருக்கும்போது இன்னொருவரிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று அப்போது நிறைய பேருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் சில வருடங்களில் முழுக்க டிஜிட்டலுக்கு மாறிவிட்டேன். பேட்ச்தான் காரணம். அப்போதெல்லாம் ஒரு கேமில் பிழை இருந்தால் எந்த இணையதளத்தில் பேட்ச் கிடைக்கிறது என்று தேட வேண்டும். 1.0-க்கு மேல் 1.1, அதற்கு மேல் 1.2 என்று வரிசையாகப் போட வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் கேம் திறக்கவே திறக்காது, கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சீரியல் எண் ஒட்டிய அட்டை தொலைந்தால் அதோடு கதை முடிந்தது. இந்தத் தலைவலி மொத்தமும் போனது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மௌஸ்வீரன்:
அண்ணா சொன்னதோடு கிளவுட் சேவ் வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தளத்தின் சர்வரிலேயே சேமித்து வைப்பது. பெரிய ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடுகிற கேம்) ஒன்றில் கிட்டத்தட்ட கடைசிக் கட்டத்தில் இருந்தேன். ஹார்ட் டிஸ்க் ஒரேயடியாகப் போய்விட்டது, எதையும் மீட்க முடியவில்லை. புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் ஏற்றி, கணக்கில் நுழைந்து கேமை டவுன்லோடு செய்து திறந்தால், விட்ட இடத்திலேயே குதிரைமேல் நிற்கிறேன். பையில் இருந்த அம்புகூடக் குறையவில்லை. எல்லாக் கேம்களிலும் இந்த வசதி கிடையாது, கேமைச் செய்தவர் அதைச் சேர்த்திருக்க வேண்டும். அதனால் வாங்குவதற்கு முன் கேமின் பக்கத்தில் கிளவுட் சேவ் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்புறம் ரீஃபண்ட். ஸ்டீமில் 2015 ஜூன் முதல், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். என் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் ஓடாத கேம்களை இப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்த டிஸ்கை எந்தக் கடைக்காரர் திரும்ப வாங்கினார்?

நிலாஆட்டக்காரி:
என் அனுபவம் அவ்வளவு இனிமையானது இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், 'உங்கள் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டது' என்று அறிவிப்பு வந்திருந்தது. கடவுச்சொல்லும் மாறியிருந்தது. எப்படி நுழைந்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. எந்தத் தளம் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. பல வருடங்களாகச் சேர்த்த கேம்கள் அத்தனையும் அந்த ஒரு கணக்குக்குள் இருந்தன.

உதவி மையத்தில் எழுதினால் முதலில் வந்தது தானியங்கிப் பதில். மறுபடி எழுதினேன், அதே பதில். ஒருவழியாக ஒரு மனிதர் பேசினார். அவர் கேட்டவை: கணக்கில் வாங்கிய முதல் கேமின் ரசீது, பணம் செலுத்திய கார்டின் கடைசி நான்கு எண்கள், கணக்கு தொடங்கிய பழைய மின்னஞ்சல் முகவரி. ரசீது மின்னஞ்சல்களை நான் எப்போதும் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். அவைதான் என்னைக் காப்பாற்றின. வாரக்கணக்கில் இழுத்தாலும் கணக்கு திரும்பக் கிடைத்தது.

தயவுசெய்து இரண்டு வேலைகளை இன்றைக்கே செய்துவிடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதை அமைக்கும்போது தருகிற மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஃபோனில் படம் பிடித்து வைத்தால், ஃபோன் தொலையும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஒற்றையாள் ஸ்டுடியோ:
நான் தனியாளாகக் கேம் செய்கிறவன். விற்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டிஸ்க் காலமாக இருந்திருந்தால் என் கேம் வெளியே வந்திருக்கவே வராது. அச்சடிக்கப் பணம் வேண்டும், பெரிய வெளியீட்டாளர் வேண்டும், கடை அலமாரியில் இடம் வேண்டும். இன்றைக்கு ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் கடை விரிக்கலாம். 2017-இல் வந்த ஏற்பாடு இது. ஒரே ஆள் செய்து 2016-இல் வெளியான ஸ்டார்டியூ வேலி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததற்கு இந்தத் தளங்கள்தான் வழி திறந்தன.

ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்திருப்பதால் கூட்டமும் அப்படித்தான் இருக்கிறது. வெளியாகிற நாளில் முதல் சில மணி நேரத்துக்குள் விற்பனை சூடு பிடிக்கவில்லை என்றால் பட்டியலில் கீழே தள்ளப்பட்டுவிடுவோம். அதனால்தான் விஷ்லிஸ்டில், அதாவது வாங்க விரும்பும் கேம்களின் பட்டியலில், போடுங்கள் என்று நாங்கள் கெஞ்சிக்கொண்டே இருக்கிறோம். நீங்கள் அழுத்துகிற அந்த ஒரு பொத்தான்தான், கேம் வெளியானதும் உங்களுக்குத் தகவல் போக வழி செய்கிறது.

விற்பனையில் தளம் எடுக்கிற பங்கு அடுத்த விஷயம். ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுக்கும். 2018-இல் கொண்டுவந்த மாற்றத்தில், 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் 25, 5 கோடியைத் தாண்டினால் 20 என்று குறைத்தார்கள். அதாவது பெரிய கம்பெனிக்குச் சலுகை, என்னைப் போன்றவருக்கு முழு 30. இது சரியில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அதே ஆண்டு டிசம்பரில் வந்த எபிக் 12 சதவீதம்தான் என்றது. 2013-இல் தொடங்கிய இட்ச்.ஐஓ-வில் எவ்வளவு பங்கு என்பதைக் கேமைச் செய்தவரே முடிவு செய்யலாம், பூஜ்யம் என்றுகூட வைக்கலாம். அங்கே வாங்கினால் எங்கள் கைக்கு அதிகம் வருகிறது. ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீமில்தான் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் நாங்கள் 30 கொடுக்கிறோம்.

மௌஸ்வீரன், ரீஃபண்ட் பற்றி ஒரு வார்த்தை. ஓடாத கேமுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது ரொம்ப நியாயம். ஆனால் என் கேமை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கடைசிக் காட்சி வரை பார்த்து, பாராட்டி விமர்சனமும் எழுதிவிட்டு ரீஃபண்ட் கேட்டவர்கள் இருக்கிறார்கள். குறுங்கேம் செய்கிறவர்களுக்குத் தனி விதி வேண்டும்.

மௌஸ்வீரன்:
இந்தக் கோணம் எனக்குப் புதிது, நண்பரே. கேமின் பெயரை அனுப்புங்கள், விஷ்லிஸ்டில் போடுகிறேன்.

மூன்றுலாஞ்சர்:
ஒரு கடையில் வாங்குகிறேன். அங்கே பொத்தானை அழுத்தினால் வெளியீட்டாளரின் இன்னொரு லாஞ்சர் (கேமைத் திறந்துவிடுகிற செயலி) திறக்கிறது. அதற்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். அது தன்னை அப்டேட் செய்துகொண்ட பிறகுதான் கேம் வரும். இணையம் இல்லாத இடத்துக்கு லேப்டாப்பை எடுத்துப்போனால் முதல் லாஞ்சர் ஆஃப்லைனில் திறக்கிறது, இரண்டாவது திறப்பதில்லை. தனியாக ஆடுகிற கதைக் கேமுக்கு இது எதற்கு?

பழையகேம்:
என் கவலை, கேம்கள் காணாமல் போவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

கடையிலிருந்து ஒரு கேமை எடுப்பது வேறு, வாங்கினவரிடமிருந்தே எடுப்பது வேறு. பாட்டு, கார், திரைப்படக் கதாபாத்திரம் என்று கேமுக்குள் இருக்கிற எதற்காவது உரிமக் காலம் முடிந்தால் விற்பனையை நிறுத்துவார்கள். ஆலன் வேக் 2017 மே மாதம் இசை உரிமத்தால் கடையிலிருந்து போனது, அடுத்த ஆண்டு திரும்பியது. ஃபோர்ஸா ஹொரைஸன் 4 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இவற்றை ஏற்கெனவே வாங்கினவர்கள் தொடர்ந்து ஆடலாம். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கதவு மூடுகிறது.

தி க்ரூ என்ற கார் பந்தயக் கேம் விஷயம் அப்படி இல்லை. 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் அதன் சர்வர்களை நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை என்று கட்டப்பட்ட கேம் என்பதால், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. அதன்பிறகு வாங்கினவர்களின் லைப்ரரியிலிருந்தும் உரிமத்தை எடுத்தார்கள். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் அதிலிருந்துதான் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கிய மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளுக்கு மேல் சேர்ந்தன.

சில சமயம் கடையே மூடுகிறது. நின்டென்டோவின் பழைய கேம் கருவிகளான வீ யூ, 3டிஎஸ் இரண்டின் இ-ஷாப் விற்பனையும் 2023 மார்ச் 27-இல் முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடியது. பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளையும் 2021-இல் மூடுவதாகத்தான் சோனி அறிவித்தது. ஆட்டக்காரர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அவற்றில் பெரும்பாலானவை டிஸ்க், கார்ட்ரிட்ஜ் காலத்தவை. அந்தப் பழைய பிரதிகளாவது யாரோ ஒருவர் பெட்டியில் கிடக்கும். டிஜிட்டலாக மட்டும் வெளியான கேமுக்கு அதுவும் இல்லை.

அதனால் மறுபடி மறுபடி ஆடுவேன் என்று தோன்றுகிற கேம்களை முதலில் ஜிஓஜி-யில் தேடுவேன். 2008 முதல் டிஆர்எம் பூட்டு (நகலெடுப்பதையும் அனுமதியின்றி ஆடுவதையும் தடுக்கிற மென்பொருள்) இல்லாமல் விற்கிறார்கள். இன்ஸ்டாலரை, அதாவது கேமை நிறுவுகிற கோப்புகளை, எக்ஸ்டர்னல் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு செட்டப் கோப்பு இருக்கும், பெரிய கேமாக இருந்தால் கூடவே .bin என்று முடிகிற சில கோப்புகளும் இருக்கும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். இறக்கியதும் இணைய வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு கணினியில் நிறுவிப் பார்ப்பேன். ஓடினால்தான் அது என் கையில் இருப்பதாகக் கணக்கு.

நிலாஆட்டக்காரி:
சட்டமும் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளை விற்கிறவர்கள் நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் அதற்கு முன்பே பணம் கட்டுகிற பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. ஆனால் மறுவிற்பனைக்கு இன்னும் வழி இல்லை. பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் 2019-இல் மறுவிற்பனைக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது, 2022-இல் மேல்முறையீட்டில் அது மாறியது. நான் ஆடி முடித்த கேமை என் தங்கைக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. 2024-இல் ஸ்டீம் கொண்டுவந்த குடும்பப் பகிர்வில் அதிகபட்சம் 6 பேர் சேரலாம். நாங்கள் இருவரும் அதில்தான் இருக்கிறோம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு என்பதால், அவள் தனியாகப் போனால் அதுவும் போய்விடும்.

மூன்றுலாஞ்சர்:
பழையகேம் அண்ணா, ஜிஓஜி-யில் நானும் சில கேம் வாங்கியிருக்கிறேன். அவர்களுடைய கேலக்ஸி செயலியில் 'நிறுவு' என்றுதான் வருகிறது. நீங்கள் சொன்ன கோப்புகள் எங்கே இருக்கின்றன?

பழையகேம்:
செயலியை விட்டுவிட்டு பிரவுசரில் ஜிஓஜி தளத்துக்குப் போங்கள் தம்பி. உங்கள் லைப்ரரியில் கேமின் படத்தைச் சொடுக்கினால் ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்கள் என்று ஒரு பகுதி வரும். மொழியும் இயங்குதளமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கே இருக்கிற எல்லாக் கோப்புகளையும் இறக்குங்கள். பேட்ச் வந்தால் இன்ஸ்டாலரும் மாறும், அதனால் இறக்கிய தேதியை ஃபோல்டர் பெயரிலேயே போட்டு வையுங்கள்.