ஒரே பெயர் இரண்டு இடத்தில் மோதி, நிரல் (புரோகிராம்) நின்றுபோன அனுபவம் உண்டா?

மாட்டுத்தாவணிக்காரன்:
கீழ மாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. பில்லிங் பிஎச்பி என்ற நிரல் மொழியில் ஓடுகிறது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார், பராமரிப்பு என் தலையில். சர்வரை பிஎச்பி 8.4-க்கு மாற்றியதும் பில் பக்கம் திறக்கவே இல்லை. ஒரே ரீடிக்ளேர் பிழை, அதாவது இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்ற புகார். பார்த்தால், பழையவர் அரேயில் (பட்டியலில்) தேட அரே_ஃபைண்ட் என்று சொந்தமாக ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறார். 2024-இல் வந்த 8.4, அதே பெயரில் ஒன்றைத் தானே சேர்த்துவிட்டது.

சரி, நம்முடையதைத் தூக்கிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. பழையவருடையது சோதிக்கும் ஃபங்ஷனை முதலில் வாங்கும், அரேயை அப்புறம். பிஎச்பியுடையது தலைகீழ். அவரைக் குறை சொல்லி என்ன? பிஎச்பியிலேயே அரே_மேப்புக்கு ஃபங்ஷன் முதலில், அரே_ஃபில்டருக்கு அரே முதலில்!

பெயர்கள் மோதாமல் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ் 2009-லேயே, பிஎச்பி 5.3-இல் வந்துவிட்டது. ஆனால் பழைய ஃபங்ஷன்களை அதற்குள் நகர்த்தினால் ஓடுகிற தளமெல்லாம் படுத்துவிடும். அதனால் புது வரவுகளில் சிலதுக்குத்தான் தனி இடம், 8.2-இல் வந்த, தற்செயல் எண் தரும் ரேண்டமைசர், 'ரேண்டம்' என்ற நேம்ஸ்பேஸுக்குள் இருக்கிறது. அரே_ஃபைண்டைப் பொதுவிலேயே விட்டுவிட்டார்கள். மாசி வீதி என்று சொன்னால் ஆட்டோக்காரர்கூட மேலயா கீழயா என்று கேட்டுக்கொள்வார். பிஎச்பி நேரே சண்டைக்கு வருகிறது.

கடையின் ஃபங்ஷன் கோப்புக்குத் தலையில் நேம்ஸ்பேஸ் வரி, கூப்பிடும் கோப்புகளில் 'யூஸ் ஃபங்ஷன்' வரி. சாயங்காலம் பில் ஓடிவிட்டது.

லேப் டீச்சர், திருமங்கலம்:
எங்கள் லேபில் ரொம்ப நாள், சி++ மொழிக்கான பழைய கம்பைலர் டர்போ சி++தான். நேம்ஸ்பேஸ் வருவதற்கு முந்தைய சரக்கு; சி++ ஸ்டாண்டர்டில் எஸ்டிடி (அதன் லைப்ரரிக்கான நேம்ஸ்பேஸ்) வந்ததே 1998-இல். கம்பைலரை மாற்றியபோது பிள்ளைகளிடம் 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று ஒரு வரி போடச் சொல்லிவிட்டார்கள். மேலூர் பஸ் கட்டணம் கணக்கிட ஒரு பெண் டிஸ்டன்ஸ் என்று குளோபல் வேரியபிள் வைத்தாள். அவ்வளவுதான், 'ஆம்பிகுவஸ்', எதைச் சொல்கிறாய் என்று கம்பைலர் கேட்கிறது. எஸ்டிடிக்குள் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அத்தனை அழகாகப் பிரித்து வைத்த லைப்ரரியை ஒரே வரியில் நடுத்தெருவுக்குக் கொண்டுவருகிற வேலை அது. இப்போது நான் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் எஸ்டிடி என்று முழுசாகவே எழுதச் சொல்கிறேன். கை வலிக்கிறது என்கிறார்கள், வலிக்கட்டும்.

இலந்தைக்குளம் ஐடி:
டீச்சர் சொல்வது ஜாவாவுக்கும் பொருந்தும். பிறந்ததிலிருந்தே பேக்கேஜ் (நேம்ஸ்பேஸ் மாதிரிதான்) உள்ள மொழி, ஆனாலும் தப்பவில்லை. ஏடபிள்யூடி என்ற பேக்கேஜில் ஏற்கெனவே லிஸ்ட் இருந்தது. 1998-இல் ஜாவா 1.2 வந்தபோது யூடில் என்ற பேக்கேஜிலும் ஒரு லிஸ்ட். இரண்டு பேக்கேஜையும் நட்சத்திரம் போட்டு ஒட்டுமொத்தமாக இம்போர்ட் செய்த பழைய கோப்பு ஒன்று எங்களிடமும் இருந்தது. வேண்டிய லிஸ்டை மட்டும் பெயர் சொல்லித் தனியாக இம்போர்ட் செய்ததும் அடங்கியது.

அண்ணே, அரே_எனி, அரே_ஆல் இரண்டும்கூட 8.4-இல் வந்தவைதான். கடைக் கோப்புகளில் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

மாட்டுத்தாவணிக்காரன்:
தேடினேன் தம்பி. அரே_ஆல், ஸ்டாக் ரிப்போர்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மாதக் கடைசியில்தான் அதைத் திறப்பார்கள், அதனால் இன்னும் போன் வரவில்லை.