புதுப்பிப்பு: சூரிச் ஏரியில் மூன்று மாதங்கள்

25 மீட்டர் நீச்சல் குளத்தில் மட்டுமே பழகிய நான், சூரிச் ஏரியில் இறங்கினால் நேர்கோட்டில் நீந்த முடியவில்லை என்றும், கீழே தெரியும் இருட்டு அச்சமூட்டுகிறது என்றும் கடந்த ஜூன் மாதம் இங்கு எழுதியிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி கூறி, இப்போதைய நிலையைத் தெரிவிக்கிறேன்.

முதல் குறை ஏறத்தாழ நீங்கிவிட்டது. ரூஷ்லிகோன் கரையிலிருந்து புறப்பட்டு, தால்வில் தேவாலயக் கோபுரத்தை இலக்காகக் கொண்டு, எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேல் உயர்த்திப் பார்க்கிறேன். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் குறைந்துவிடுகிறது. வலப்புறமிருந்து அலையடிக்கும் நாள்களில் இடப்புறம் மூச்செடுக்கவும் பழகியாயிற்று.

அச்சம் முற்றிலும் போகவில்லை. ஏரியின் மிகுந்த ஆழம் 136 மீட்டர் என்பதை நான் அறியாமலேயே இருந்திருக்கலாம். ஆயினும், நீர் 20 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்த ஆகஸ்ட் மாத அதிகாலைகளில், இடுப்பில் கட்டிய ஆரஞ்சு மிதவை பின்தொடர, மூச்செடுக்கத் திரும்பும்போது எதிர்க்கரைச் சரிவுகளும், கண்களை உயர்த்தும்போது தென்கிழக்கே கிளார்னிஷ் மலையும் தெரிய, சுவரைத் தொட்டுத் திரும்பும் தொல்லையின்றி ஒரு மணி நேரம் நீந்தும் இன்பத்தைக் குளம் எனக்கு ஒருபோதும் தந்ததில்லை. குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காக்கும் நீச்சலுடையான வெட்சூட் மட்டும் இன்னும் வாங்கவில்லை. அக்டோபரில் அது தேவைப்படும்.