நடராசர் நிழல் லாஜிக் ஓட்டையா? (ஆயிரத்தில் ஒருவன், 2010)

மேட்னி ஷோ:
'கவனிக்கப்படாத நல்ல படங்கள்'னு ஒருத்தர் பட்டியல் போட்டிருக்கார். 'அந்த நாள்' இருக்கு, 'குணா' இருக்கு, 'அன்பே சிவம்' இருக்கு. செல்வராகவனோட 'ஆயிரத்தில் ஒருவன்' இல்ல. ஏன்னு கேட்டா பதில்: "நடராசர் நிழல் காட்சி ஒண்ணு போதும், லாஜிக்கே இல்லாத படம். 2010ல விமர்சகர்கள் சொன்னது சரிதான்." மூணு மணி நேரப் படத்துல இவருக்குக் கண்ணுல பட்டது ஒரு நிழல்தானா? ராம்ஜியோட கேமரா, ஜி.வி.பிரகாஷ் இசை, பார்த்திபன் நடிப்பு, எதுவுமே தெரியலையா?

வைகைக்கரை:
அந்தப் பட்டியலைப் போட்டவன் நான்தான். இப்பவும் அதையேதான் சொல்றேன். மணல்ல நடராசர் நிழல் விழுது. நிழலுக்குள்ள ஓடுனா கால் நிக்கும், வெளிய வச்சா புதைகுழி. சரி. நிழல் நகரும், தரை நகராது. கெட்டியான தரை ஒரே இடத்துலதான இருக்கும்? நிழல் அதைத் தாண்டிப் போயிட்டா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோணும் இது.

கோணமானி:
சின்னப் பிள்ளைக்குத் தோன்றுவதோடு நிறுத்திக்கொள்வதுதான் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை. மாலையில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரியில் நிற்கிறது. நிழலின் நீளம் உயரத்தைப் போல 5.67 மடங்கு, அதாவது 284 மீட்டர். சூரியன் ஒரு டிகிரி இறங்கச் சுமார் 4 நிமிடம் ஆகும். 9 டிகிரியில் நிழல் 316 மீட்டர். ஆக நிமிடத்துக்கு 8 மீட்டர்தான் நீள்கிறது. உயிருக்கு ஓடுகிற ஆள் அதை மூன்று விநாடியில் கடந்துவிடுவான். ஓடி முடிக்கிற நேரத்துக்குள் நிழல் அப்படியே இருந்தது என்றே கொள்ளலாம். படத்தில் இந்தப் பொறியைக் கட்டின சோழன் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் தரையைக் கெட்டிப்படுத்தியிருக்கிறான். இதில் ஓட்டை எங்கே?

வைகைக்கரை:
அன்னைக்கு சரி சார். மறுநாள்? அடுத்த மாசம்? சூரியன் தினம் ஒரே இடத்துலயா மறையுது? நிழல் நகரும், தரை நகராது.

காவிரிப் புலி:
சோழன் கட்டுனதுய்யா. பெரிய கோயில் விமான நிழலே தரையில விழாது. அவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

கோணமானி:
காவிரிப் புலி, தயவுசெய்து எனக்கு உதவி செய்ய வராதீர்கள். பெரிய கோயில் நிழல் தரையில் தாராளமாக விழும். காலை எட்டு மணிக்குப் போய் மேற்குப் பக்கம் நின்றால் தெரியும். விமானம் சுமார் 66 மீட்டர் உயரம், அடி சுமார் 30 மீட்டர் சதுரம். சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து ஏறக்குறைய 13 டிகிரிக்குள் இருந்தால் உச்சியின் நிழல் அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். கணக்குப்படி மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை உச்சி வேளையில் அப்படி நடக்கும். அவ்வளவுதான் விஷயம்.

வைகைக்கரைக்கு: மார்ச் 21 வாக்கில் சூரியன் மறையும் இடம் நாளுக்குச் சுமார் 0.4 டிகிரி நகரும். 284 மீட்டர் தள்ளிப் பார்த்தால் நாளுக்கு 2 மீட்டர். உண்மைதான், அந்தச் சமயத்தில் பாதை தப்பிவிடும். ஆனால் ஜூன் 21, டிசம்பர் 21 வாக்கில்? அயனம் திரும்புகிற, அதாவது சூரியன் வடக்கே தெற்கே போகும் திசையை மாற்றுகிற நாட்களில் முன்னே பத்து, பின்னே பத்து நாளைக்குச் சூரியன் அரை டிகிரிகூட நகராது. மூன்று வாரம் பாதை அதே இடத்தில் இருக்கும். நடராசருக்குரிய இரண்டு பெரிய விழாக்கள் எப்போது? ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை. இரண்டுமே அயனத்தை ஒட்டி வருபவை. பொறியைக் கடக்க நடராசரை ஏன் வைத்தான் என்று இப்போது யோசியுங்கள்.

மேட்னி ஷோ:
அண்ணே, புல்லரிக்குது.

வைகைக்கரை:
புல்லரிச்சா சொறிஞ்சுக்கங்க. படத்துல ஆனி மாசம்னு எங்க வருது? மார்கழின்னு எங்க வருது? டைரக்டர் எழுதாத திரைக்கதையை நீங்க எழுதி, அதுக்கு நீங்களே கைதட்டிக்கிறீங்க. விமர்சகன் தியேட்டர்ல ஓடுனதைப் பார்த்துத்தான் எழுதுவான், பஞ்சாங்கத்தைப் பார்த்து இல்ல.

நிழற்படக்காரன்:
ரெண்டு பேருமே நிழலோட ஓரத்தைப் பத்திப் பேசவே இல்ல. சூரியன் புள்ளி கிடையாது, அரை டிகிரி அகலம். கிட்டத்தட்ட 290 மீட்டர் தள்ளி விழுற நிழலோட விளிம்பு குறுக்கே 2.7 மீட்டர் மங்கும். நீளவாக்குல 15 மீட்டருக்கு மேல மங்கும். விரல், சடை, சிலையைச் சுத்தி இருக்கிற திருவாசியோட தீச்சுடர் எதுவும் தெரியாது. அதோட 10 டிகிரியில உருவம் நீளவாக்குல 5.67 மடங்கு இழுபடும். நடராசர் நடராசராத் தெரியணும்னா நிழலைக் கொடுக்கிற பாறைங்க உயரத்தைவிட அகலத்துல பல மடங்கு பெருசாப் பரவி நிக்கணும். ஒத்தைச் சிலையால நடக்காது.

கோணமானி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இழுபடும் என்று தெரிந்து, குட்டையாகவும் அகலமாகவும் பாறைகளை அமைத்திருக்க வேண்டும். சிற்ப மரபு தெரிந்தவனுக்கு இது கைவந்த கலை. கோபுரத்தின் மேல் நிலையில் நிற்கும் சுதைச் சிற்பத்தைக் கீழிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஏற்றபடி செய்கிறவனுக்குத் தரையில் விழும் நிழலுக்கு ஏற்றபடி செய்யத் தெரியாதா?

நிழற்படக்காரன்:
நான் சொன்னது நேர் எதிர். விளிம்பு மங்கும்னா எங்க கால் வைக்கிறதுன்னு ஓடுறவனுக்குத் தெரியாது.

கோணமானி:
நடுவில் ஓடினால் போதும்.

வைகைக்கரை:
நடுவில் ஓடினால் போதுமாம்! இன்னொண்ணும் சொல்றேன். புதைமணலுக்கு அடியில தண்ணி ஊறணும். காஞ்ச பாலை மணல் ஆளை உறிஞ்சாது. தண்ணி இருந்தாலும் அதோட அடர்த்தி கிட்டத்தட்ட 2, மனுசன் உடம்பு 1. இடுப்போட நின்னுரும், ஆள் முழுகவே மாட்டான். செத்தா பசியிலயோ வெயில்லயோதான் சாவான். இதுக்கு எந்தத் திருமஞ்சனம் வச்சிருக்கீங்க?

கோணமானி:
பேச்சை மாற்றாதீர்கள். நிழலுக்குப் பதில் சொன்னேன். முதலில் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு மணலுக்கு வருகிறேன்.

ஓரமா நிக்கிறவன்:
ஒரு சந்தேகம். 'கவனிக்கப்படாத படம்'னா என்ன? 2021 கடைசி நாள்ல மறுபடி ரிலீஸ் பண்ணாங்க, கூட்டம் வந்துச்சே. தெலுங்குலயும் நல்லாத்தான் ஓடுச்சு. இன்னும் இது அந்தக் கணக்குல வருமா?

காவிரிப் புலி:
விமர்சகனுங்களுக்கு நிழல் பிரச்சினை இல்லய்யா, சோழன்தான் பிரச்சினை. ரெண்டாம் பாதியில சுத்தத் தமிழ் பேசுனாங்க, புரியலன்னு எழுதுனாங்க. நம்ம பாட்டன் பேசுன தமிழ் புரியலயாம்.

நிழற்படக்காரன்:
பாட்டன் அப்படிப் பேசலைங்க. பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜனே "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்"னுதான் வெட்டச் சொல்லியிருக்கான். 'கொடுத்தன' இல்ல, 'குடுத்தன'. ராஜாவே வீட்டுப் பேச்சுல பேசியிருக்கான். படத்துல வர்றது புலவர் தமிழ். காதுக்கு நல்லா இருக்கு, அது வேற.

காவிரிப் புலி:
தமிழைக் குறை சொல்ல ஒருத்தன், நிழலைக் குறை சொல்ல ஒருத்தன். வைகைக்கரைன்னு பேர் வச்சப்பவே தெரியும். படத்துல பாண்டிய வாரிசு பழி வாங்க வந்தாளே, அதே வயித்தெரிச்சல்.

வைகைக்கரை:
வயித்தெரிச்சலா? "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி"ன்னு மன்னன் புகழைக் கல்லுல வெட்டுற மெய்க்கீர்த்தியில யாரு எழுதுனது, யாரைப் பத்தி எழுதுனது, போய்ப் படிச்சுட்டு வாங்க தம்பி. எரிஞ்சது எங்க ஊர் இல்ல.

காவிரிப் புலி:
சோழன் மூன்றாம் குலோத்துங்கனோட பட்டம் என்ன தெரியுமா? "மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய." படிச்சுட்டு நீங்க வாங்க.

மேட்னி ஷோ:
அய்யா சாமிகளா, நான் கேட்டது ஒரு படத்தைப் பத்தி. காட்டுக்குள்ள காணாமப் போன ஒரு கூட்டம் பசியில கிடந்து, தூதன் வருவான்னு காத்துக்கிடக்கு. "தாய் தின்ற மண்ணே" பாட்டுல அந்த ஏக்கம் மொத்தமும் இருக்கு. அதைப் பத்தி ஒருத்தர்கூடப் பேச மாட்டீங்களா?

வைகைக்கரை:
பாட்டு நல்ல பாட்டு. நிழல் நகரும், தரை நகராது.

கோணமானி:
மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். நிமிடத்துக்கு 8 மீட்டர் என்ற கணக்குக்கு இதுவரை பதில் இல்லை. பதில் இல்லாதபோது புதைமணலின் அடர்த்தி, பிறகு செந்தழல். 2010ல் விமர்சனம் எழுதியவர்களும் இதே வழிதான்.

ஓரமா நிக்கிறவன்:
கோணமானி சார், பெரிய கோயில் பத்திச் சொன்னீங்களே. உச்சி வேளைன்னா சரியா 12 மணியா?

கோணமானி:
இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. தஞ்சாவூர் 79.1 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் 13 நிமிடம் சொச்சம். ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் சூரியன் அங்கே நேர் தலைக்கு மேல் வரும். ஏப்ரலில் பார்ப்பதானால் 12:13க்குப் போங்கள், ஆகஸ்டில் இன்னும் மூன்று நிமிடம் தள்ளி. குலோத்துங்கன் விஷயத்தில் காவிரிப் புலி பாதிதான் சொல்லியிருக்கிறார், அதற்கு இரவு வருகிறேன்.